செங்கல் பெட்டி பாகூரில்தான் இருக்கும்

பாரிஸ்,
12 ஜனவரி 2025

அன்புத் தங்கை சபுராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணன் ஹபீப் எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய், குடும்ப குரூப்பிலிருந்தும் போய்விட்டாய். அதனால்தான் பல வருஷம் கழித்துப் பேனாவைத் தேடி எடுத்திருக்கிறேன். தபாலை யாரும் பிளாக் செய்ய முடியாது அல்லவா? கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

இங்கே குளிர் எலும்பைக் குடைகிறது. முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்கிறார், வெளியே பனி வழுக்குகிறது. எங்கே நடப்பது?

பேத்தி மெஹ்ரீனின் பிறந்தநாளுக்கு, ஒன்றோடொன்று மாட்டி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஏதோ சினிமாவில் வருகிற விண்கப்பலாம். கூடவே தடிமனாக ஒரு புத்தகம். அதில் போட்டிருக்கிற வரிசைப்படி மாட்டிக்கொண்டே போனால் அந்தக் கப்பல் வரும், வேறு எதுவும் வராது. அவள் அப்பன்தான் உட்கார்ந்து மாட்டினான். முடிந்ததும் அலமாரியில் வைத்தார்கள். குழந்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நம் செங்கல் பெட்டி ஞாபகம்தான். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த சொல்தா ஆரோக்கியம் மாமா, அத்தாவின் துணிக்கடையில் வைத்து நம் கையில் கொடுத்தாரே, அந்த அட்டைப் பெட்டி. சிவப்பும் வெள்ளையுமாகக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் செங்கல். சில ஜன்னல், ஒரு கதவு, பச்சைத் தட்டு. புத்தகம் கிடையாது, மூடியில் ஒரு வீட்டுப் படம் மட்டும். ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் டக்கென்று உட்காரும். பிரிக்க வராவிட்டால் நீ பல்லால் கடிப்பாய், அம்மா முதுகில் ஒன்று வைப்பார்கள். அந்தப் படத்து வீட்டை நாம் இரண்டு பேரும் எத்தனை தடவை கட்டியிருப்போம்! பிறகு உனக்கே ஆர்வம் விட்டுப்போயிற்று. ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இங்கே பழைய கட்டைப் பெட்டிகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. நானும் சேர்ந்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் எங்கள் வட்டாரத்து மேரியில், அதாவது நகராட்சி மண்டபத்தில், கண்காட்சி. என்னிடம் அலமாரி நிறையப் பெட்டிகள் உண்டு. எல்லாம் யாரோ பிள்ளைகள் விளையாடியவை. நான் விளையாடியது மட்டும் இல்லை. நம் பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்து, கீழே 'பாகூர், இந்தியா' என்று எழுதி வைக்க ஆசை. என்னோடு வேலை செய்கிற வில்லியனூர் முத்துக்குமரன் ஏப்ரல் தொடக்கத்தில் ஊருக்கு வருகிறார். அவரிடம் கொடுத்து அனுப்பு.

குரூப்பில் நான் எழுதியது விளையாட்டுக்கு. மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் நலத்துக்கு எப்போதும் துஆ செய்கிற
அண்ணன் ஹபீப் முகமது


பாகூர்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய். வீட்டுக்குள்ளேயே நட. அல்லாஹ் சுகத்தைத் தருவான். இங்கே கரும்பு வெட்டு நடக்கிறது, வண்டி போய்ப் போய் ரோடெல்லாம் காய்ந்த கரும்புச் சோகை. என் ஸ்டேஷனரி கடை வியாபாரம் பரவாயில்லை. பெங்களூரில் என் பிள்ளை யாசின் நன்றாக இருக்கிறான். என்னை அங்கேயே வந்து இருக்கச் சொல்கிறான், நான்தான் போகவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வராது.

'ஐம்பது வயசுக்கு மேல என் தங்கச்சி பொம்மை வெச்சி விளையாடறா' என்று குடும்பமே பார்க்க எழுதினாய். அத்தை பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகச் சிரித்தார்கள். இப்போது உன் வீட்டில் அலமாரி நிறைய அதே பொம்மை இருப்பதாக நீயே எழுதுகிறாய். நீ வைத்திருந்தால் சேகரிப்பு, நான் வைத்திருந்தால் புத்தி கெட்டுப்போனது. அப்படித்தானே?

எனக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று என்று எழுதியிருக்கிறாய். நான் பெரியவளானபோது என்னைப் பின்கட்டு அறையில் உட்கார வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது முடிந்து வெளியே வந்து நான் முதலில் தேடியது செங்கல் பெட்டியைத்தான். அது பீரோவுக்கு மேலே போயிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். அத்தா பார்த்துவிட்டார். "எறங்கு. இனிமே அது அண்ணனோடது. தரையில காலை நீட்டி உக்காந்து விளையாடற வயசு உனக்கு முடிஞ்சிது" என்றார். நீ வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தாய். பெட்டியை உன்னிடம்தான் எடுத்துக் கொடுத்தார்.

படத்து வீட்டை நாம் இரண்டு பேரும் கட்டவில்லை, அண்ணா. நீதான் கட்டினாய். எப்போதும் அதையே கட்டினாய். நான் ஏரி மதகு கட்டினேன், பனித்திட்டு மீனவர் படகு கட்டினேன், அம்மா இருந்த ஆஸ்பத்திரியை மாடியோடு கட்டினேன். உனக்கு வீட்டுக்குச் செங்கல் போதவில்லை என்றால் என்னுடையதைத்தான் பிரிப்பாய். அதற்காக இப்போது சண்டை போடவில்லை. நீ கண்ணாடிக்குள் வைக்க விரும்புகிற ஞாபகத்தில் நான் சந்தோஷமாக இருக்கிறேன். அது நானில்லை என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

யாசின் அப்பா மவுத்தான வருஷம் பரண் ஒழித்தபோது பெட்டி கிடைத்தது. மூடி செல்லரித்துப்போயிருந்தது. செங்கல் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சோப்புத் தண்ணீரில் அலசி மாடியில் காயவைத்தேன். ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் அழுத்தினேன். அந்தச் சத்தம் கேட்டதும், புருஷனை இழந்தவளாக நான் இத்தாவில் அடங்கி இருக்க வேண்டிய நாட்கள் அவை என்பதே மறந்துபோயிற்று. யார் என்ன சொல்வார்கள் என்பதும் மறந்துபோயிற்று. தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பிறகு கடைக்கு எடுத்துப்போனேன். கரும்பு விவசாயம் பார்க்கிற கஸ்தூரி நோட்டு வாங்க வந்தாள். கூட வந்த மகள் அர்ச்சனா அந்தச் செங்கலோடு தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் தோழிகளை அழைத்து வந்தாள். கடையில் இடம் போதாமல் வீட்டு முன்னறையில் பாய் விரித்தேன். இப்போது சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்தால் வீடு நிறையப் பிள்ளைகள். பாண்டி சண்டே மார்க்கெட்டில் சாதாரணக் கட்டையும் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். அது நம்முடையதோடு சரியாக மாட்டாது, கழன்று விழும். ஆனாலும் நம் செங்கலை நடுவில் வைத்து எப்படியோ சமாளிக்கிறார்கள்.

உன் ஆசை எனக்குப் புரிகிறது. அந்தச் செங்கல் மேல் எனக்கும் அதே ஆசைதான். ஆனால் கண்ணாடிக்குள் போனால் அதை யார் கட்டுவார்கள்?

மைனிக்கு என் ஸலாம். பேத்திக்கு முத்தம்.

சபுரா


பாரிஸ்,
4 மார்ச் 2025

சபுராவுக்கு,

நோன்பு முபாரக். விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அத்தா செய்ததற்கு என்னைக் கூண்டில் ஏற்றுகிறாய். நானும் அப்போது பையன்தானே? அவர் கொடுத்தார், வாங்கினேன். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மவுத்தானவரைப் பற்றி இந்த வயதில் கணக்குத் தீர்ப்பது நல்லதில்லை.

நான் ஒரு வழி சொல்கிறேன். எத்தனை பெட்டி வேண்டுமானாலும் புதிதாக வாங்கி அனுப்புகிறேன். நல்ல கம்பெனி, இறுக்கமாக மாட்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பழசும் புதுசும் ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. அதில் அம்மாவின் கை பட்டிருக்கிறது. நீ கடித்த பல் தடம் இருக்கிறது. உலகத்தில் எந்தக் கடையிலும் எனக்கு அது கிடைக்காது.

இன்னொரு விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஊரிலிருந்து போன் மேல் போன். பையனும் பெண்ணும் கலந்து பொழுது சாய்ந்து மஃரிப் வரைக்கும் நம் முன்னறையில் கூச்சலாம். வளர்ந்த பெண்பிள்ளைகள்கூட வருகிறார்களாம். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் யார் பதில் சொல்வது? அத்தா அந்த வீட்டை என் பேருக்கு எழுதிவைத்தது உனக்குத் தெரியும். உன்னைப் போ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் என் வீட்டில் என் சொல்லுக்கு மரியாதை வேண்டும்.

ஆகவே பெருநாளுக்குள் அந்த அறையை மூடிவிடு. முத்துக்குமரன் வரும்போது பெட்டியைக் கொடுத்துவிடு. இரண்டும் நடந்தால் எனக்கு நிம்மதி. நாமும் பழையபடி போனில் பேசிக்கொள்ளலாம்.

நோன்பில் உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடாதே.

உன் அண்ணன்
ஹபீப்


பாகூர்,
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. உன் பங்குக்கும் சேர்த்து பிரியாணி ஆக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நம் வீட்டில் அதுதான் நான் ஆக்கிய கடைசிச் சமையல்.

உன் கடிதம் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். 'என் வீட்டில் என் சொல்' என்று எழுதினாய். நியாயம்தான். வீடு உன்னுடையது. அதில் இருந்துகொண்டே உன் சொல்லை மீறுவது எனக்கும் அழகில்லை. உன் சொல்லைக் கேட்பது அதைவிட முடியாத காரியம். கடைக்கு மேலே சின்னதாக ஓர் அறை காலியாக இருந்தது. கேட்டேன், கட்டிடத்துக்குச் சொந்தக்காரம்மா சரி என்றார்கள். என் சாமான் எவ்வளவு? ஒரு பீரோ, ஒரு கட்டில், பாத்திரம். பெருநாள் முடிந்த வாரமே மாற்றிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு இடம்தான் கவலையாக இருந்தது. கஸ்தூரியிடம் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். குருவிநத்தம் ரோட்டில் அவள் நிலத்தை ஒட்டி டிராக்டர் நிறுத்துகிற கொட்டாய் இருக்கிறது. டிராக்டரை வாசலுக்கு இழுத்துவிட்டு, தரையைப் பூசி, மூன்று பக்கமும் தட்டி கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஊர்ப் பேச்சைப் பற்றி அவளிடமும் சொன்னேன். "பேசறவங்க பேசட்டும்க்கா. எம் பொண்ணு எங்க உக்காரணும்னு நான் சொல்றேன்" என்றாள். எல்லோருக்கும் அந்தத் தைரியம் இல்லை. உனக்குப் போன் போட்டவர்கள் மற்ற வீடுகளுக்கும் போட்டிருக்கிறார்கள். நம் தெரு அஃப்சானாவை அவள் அப்பா நிறுத்திவிட்டார். அவள்தான் எல்லோரையும்விட நன்றாகக் கட்டுவாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன ஞாயிறு முத்துக்குமரன் வந்தார். நீ கொடுத்தனுப்பிய அத்தரும் சாக்லேட்டும் கிடைத்தன, ஜஸாக்கல்லாஹ். என் சாமான் போய்விட்டதால் நம் வீட்டு முன்னறையில் பாயும் பிள்ளைகளும் செங்கலும் தவிர வேறு ஒன்றும் இல்லை. பலகை மேல் பாதி பஸ் ஸ்டாண்டு எழுந்திருந்தது. பாண்டி போகிற பெண்களுக்கு உட்கார இடம் வேண்டும், பூட்டாத கழிப்பறை வேண்டும் என்று அர்ச்சனாவின் யோசனை. அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, பொட்டியைக் கையோட வாங்கினு வரச் சொன்னாரு அண்ணன். ரூமைப் பூட்டியாச்சான்னும் பாக்கச் சொன்னாரு."

கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்து உட்கார வைத்தேன். உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அவரு ரெண்டு கேட்டாரு. ஒண்ணு தரேன்னு சொல்லுப்பா" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாக்கா இது? ஒரு பிளாஸ்டிக்குக்காகவா வூட்டை வுட்டுப் போறீங்க?"

"ஒரு பிளாஸ்டிக்குக்காகத்தானே அவரும் அவ்ளோ தூரத்துலேர்ந்து உன்னை அனுப்பியிருக்காரு?" என்றேன்.

பாவம், நல்ல மனுஷர். சாவிக்கொத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் அன்றைக்கே செங்கலை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பிள்ளைகள் கூடையிலும் பள்ளிக்கூடப் பையிலும் அள்ளிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டைப் பிரிக்க மனசில்லாமல் நாலு பெண்கள் பலகையோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கடைத்தெருவில் ஒரு பக்கம் சரிந்து செங்கல் ரோட்டில் கொட்டியது. எல்லோரும் அங்கேயே குந்தி அதைச் சரிசெய்ய, பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. உனக்குப் போன் போடுகிறவர்களும் கடை வாசலில் நின்று பார்த்தார்கள். நான் அவர்களுக்கு ஸலாம் சொன்னேன். கடைசிச் செங்கலைப் பொறுக்கும்வரை நான் ரோட்டை விட்டு நகரவில்லை.

அண்ணா, நான் அழுதுகொண்டு போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த வீட்டில் நான் பிறந்தேன், தாலி கட்டிக்கொண்டு போனேன், திரும்பி வந்தேன், அத்தாவையும் அம்மாவையும் அங்கேதான் கடைசியாகப் பார்த்தேன். வலிக்காமல் இருக்குமா? வலித்தது. ஆனால் பீரோவுக்கு மேலே ஏறிப்போன பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது வலித்ததற்கு இது பக்கத்தில்கூட வராது. அன்றைக்கு என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இப்போது பேச முடிகிறது.

வீட்டை என்ன செய்ய வேண்டுமோ செய். கிணற்று மோட்டார் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், வருகிறவர்களிடம் சொல்லிவிடு. மல்லிச் செடிக்குக் கஸ்தூரி தண்ணீர் ஊற்றுவாள், கொல்லைக் கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை. ஊருக்கு வந்தால் கொட்டாய்க்கு வா. முழங்கால் மடங்காவிட்டால் ஒரு நாற்காலி போடுகிறேன், பிள்ளைகளோடு உட்கார்ந்து உனக்குப் பிடித்ததைக் கட்டு. மெஹ்ரீனையும் கூட்டி வா.

இனி எழுதுவதாக இருந்தால் கடை விலாசத்துக்கு எழுது. பழைய விலாசத்தில் சபுரா என்று யாரும் இல்லை.

வஸ்ஸலாம்.

சபுரா