பூரானின் முதல் கால்

மார்ச் 4, செவ்வாய்
நமுனுகுல தேயிலைத் தோட்டம். விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை.

நேற்றுப் பிடித்த தாய்ப் பூரான் தன் முட்டைகளைத் தின்றுவிட்டது. ஒன்று விடாமல். தப்பு என்னுடையது. இடுக்கியால் தூக்கி, சுத்தமான டப்பா, சுத்தமான பஞ்சு. கூட்டைக் கலைத்தால் தின்றுவிடும் என்று படித்தவள்தான். படித்து என்ன பண்ண.

எனக்கு வேண்டியது மூன்று முட்டை, மூன்று வளர்ச்சிக் கட்டத்தில். பூரான் கடிப்பது பல்லால் இல்லை. தலைக்குப் பின்னால் இருக்கும் முதல் சோடிக் கால்தான் விஷக் கொடுக்கு. ஒரு காலத்தில் நடந்த கால். அது முட்டைக்குள் எப்போது கொடுக்காக மாறுகிறது? இரண்டு வருஷமாக இதே கேள்வி. ஏப்ரலோடு ஆராய்ச்சி அனுமதி முடிகிறது. இன்னொரு தாய் கிடைக்காவிட்டால் எல்லாம் பாதியில்.

அழுதேன். பிறகு டீ. செருப்புக்குள் அட்டை, விரலிடுக்கில் ரத்தம்.

மார்ச் 6, வியாழன்
வெயில். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் லெட்சுமி ஒரு கல்லைக் காட்டினார், அடியில் பூரான் முட்டையோடு கிடக்கிறதாம். அவருக்கும் என் வயதுதான். போன வருஷம் பூரான் கடித்துக் கை வீங்கிக் கிடந்தவர்.

இடுக்கியை எடுத்தேன். முறைத்தார்.

"அத உள்ள வைங்க மிஸ். கன்னு எடுக்கிற மாதிரி எடுக்கணும். மண்ணு ஒடஞ்சா வேரு செத்துரும்ல, அது மாதிரிதான் இதுவும்."

கல்லைத் தூக்கவே இல்லை. சுற்றி ஒரு சாண் விட்டு வெட்டினார். கல், மண், பூரான், முட்டை எல்லாம் ஒரே கட்டியாக வந்தது. ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்து இறக்கத்தில் நடந்தார். சாக்கு அசையவில்லை. பின்னால் வெறுங்கையோடு வந்த நான் இரண்டு தடவை வழுக்கினேன்.

வாங்க வேண்டியவை: டோர்ச் பெட்டரி, சிவப்புத் தாள், அட்டைக்குச் சவர்க்காரம்.

மார்ச் 7, வெள்ளி
தின்னவில்லை!

பெட்டியில் வைத்த கட்டியின் கல்லை ஒரு விரல் அளவு உயர்த்தி, சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு ஒவ்வொன்றாக நக்குகிறது. நக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இரை வைத்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. இனி வாரக்கணக்கில் பட்டினி. இந்தப் பிராணிக்கா நாம் செருப்பைத் தூக்குகிறோம்.

மார்ச் 12, புதன்
முதல் முட்டை. ஈரத் தூரிகையால் எடுத்தேன். தாய் கொடுக்கை விரித்தது, கடிக்கவில்லை. மிச்சத்தைத் தின்றுவிடுமோ என்று மாலைவரை பெட்டிப் பக்கம் போகவே பயம். போனேன். நக்கிக்கொண்டிருந்தது.

நுண்ணோக்கியில்: எல்லாம் மொட்டு மொட்டாகக் கால். முதல் சோடிக்கும் அடுத்ததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மார்ச் 20, வியாழன்
மழை. கரண்ட் இல்லை, பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டாவது முட்டை. முதல் சோடி தடித்து, உள்பக்கம் வளைகிறது. மற்றவை காலாகவே.

ஏப்ரல் 3, வியாழன்
மூன்றாவது. கூர்மை வந்துவிட்டது. உள்ளே மயிரிழைக் குழாய், அதன் அடியில் குட்டி விஷப் பை. கிடைத்துவிட்டது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை, லெட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார்.
"அப்ப என்னைக் காலாலதான் கடிச்சிச்சா?"
"ஆமாங்க."
"நம்ம காலு யாரு மேலயாவது பட்டா தொட்டுக் கும்பிடுறோம். இதுக்கு அந்த மரியாதகூடத் தெரியல பாருங்க."

சிரித்து வயிறு வலித்தது. அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார்.
"எவ்வளவு நல்லா செஞ்சு வச்சிருக்கு."

ஏப்ரல் 12, சனி
குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக, தாயைச் சுற்றி. நாளை மறுநாள் புத்தாண்டு, தோட்டம் லீவு. நானும் சாமான் கட்ட வேண்டும். இவற்றை என்ன செய்வது என்று லெட்சுமியிடம் கேட்டேன்.

"கொண்டாந்ததத் திரும்ப வச்சிரணும். கன்னுகிட்ட வேணாம், கான் ஓரம் வைப்போம்."

தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில், கற்களுக்கு நடுவே குழி தோண்டிக் கட்டியை அப்படியே இறக்கினார். கல் முன்பு எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம். கொடுக்கு பட்ட அதே கையால் மண் அணைத்தார். பிறகு நிமிர்ந்து, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களிடம் சொன்னார்:

"இந்தக் கல்லுல யாரும் கை வைக்காதீங்க. உள்ள புள்ள பெத்தவ இருக்கா."