தம்பி குரலில் ஒருவன்

2008 ஜூன் 3
நான் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், கொழுந்து பறிக்கப் போனவர்களின் குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரே இரைச்சல்.
“அக்கா... யாருன்னு தெரியலயா?”
“விஜியா?”
“ஆமாக்கா, விஜிதான்.”
கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன என் தம்பி விஜிதரன் காணாமல் போனது போன வருடம். போன் கைதவறி விழுந்தது. எடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

ஜூன் 6
மறுபடி பேசினான். எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்களாம். குரல் வேறு மாதிரி இருந்தது. சளி என்றான். “திக்காம பேசுறியேடா!” என்றேன். சிரித்தான். காவலுக்கு இருப்பவனுக்காம், போனுக்குக் காசு போடுகிற ரீலோட் கார்டு நம்பர் கேட்டான். வாங்கிச் சொன்னேன். அம்மா செத்துப்போனதையும் சொன்னேன்.
“வீட்டுல யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா.”

ஜூன் 7
வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஜூன் 11
இன்றைக்கு விஜியேதான். அதே திக்கல். வாய்விட்டு அழுதேன்.
போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திக்குவான் என்று சொன்னது நான். அம்மா செத்ததைச் சொன்னதும் நான். பேரைக்கூட நான்தானே எடுத்துக் கொடுத்தேன்? அவனாக என்ன சொன்னான்? ஒன்னுமே இல்ல.
அப்ப நான் யாருகூட பேசிக்கிட்டு இருக்கேன்?

ஜூன் 13
கழுத்துச் சங்கிலியை அட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆளிடம் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். சரி என்றேன். அப்புறம் கேட்டேன்:
“நல்லதண்ணியில பஸ்ஸுலருந்து விழுந்தியே, அந்தக் காலு எப்படிடா இருக்கு?”
விஜி நல்லதண்ணிக்குப் போனதே இல்லை.
அந்தப் பக்கம் மழைச் சத்தம். அதனூடே மெதுவாக —
“கு... குளிருக்கு இன்னும் வலிக்குதுக்கா.”
உடனே லைனை வெட்டிவிட்டேன்.

ஜூன் 14
வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. நம்பரை எழுதிக்கொண்டு போலீசுக்குப் போய் வந்தார்.
“நெறையப் பேருக்கு இப்புடி வருதாம். நாம பேரு சொல்லக் கூடாதாம், அவனையே சொல்லச் சொல்லணுமாம்.”

ஜூன் 16
போன் அடிக்கவில்லை. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். எதுக்கு?

ஜூன் 22
எங்கள் தோட்டத்துக் கீழ்ப் பிரிவு மீனம்மா அக்காவின் மகனும் காணாமல் போனவன்தான். அவருக்கும் போன் வருகிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன்.
“தெரியும்மா. எம்மவன் என்னய ஆயின்னுதான் கூப்புடுவான். இவன் அம்மாங்கிறான்.”
“அப்புறம் ஏங்க்கா எடுக்குறீங்க?”
“ஒன்னும் குடுக்கல தாயி. சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்.”
அப்போதே போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.
பிடுங்கத்தான் கிட்டே போனேன். போனவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் காதையும் போனோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.