விலக்கில் ஆளில்லை என்று சொன்ன படம்

அஞ்சு வேளைத் தொழுகையிலும் எனக்கும் சேர்த்து துவா கேட்ட என் செய்யது மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மழை என்று பேர்தான், கண்மாயில் முழங்கால் அளவுகூட நிற்கவில்லை. அதைச் சொல்ல இதை எழுதவில்லை. நாம் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று ஊருக்குள் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டு திரிகிறது. அதை எதிர்க்க உன் கேமராவையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எந்தப் படம் என்று கேட்பாய். அருப்புக்கோட்டைக்கு வெளியே, தூத்துக்குடி ரோட்டிலிருந்து ஊர்ப்பாதை பிரிகிற விலக்கு. ராத்திரி பஸ்கள் டவுனுக்குள் வராமல் ஆளை இறக்கிவிட்டுப் போகிற இடம். ஒரு உயர விளக்கு, சுற்றிலும் கருவேலம் மண்டிய பொட்டல், அதற்கு அப்பால் டவுனின் வெளிச்சம் முழுக்க ஒரு கோடாக.

நீ ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டி, அதன் கண்ணை நாலு நிமிடம் திறந்து வைப்பாய். நான் பக்கத்தில் நின்று வாய்விட்டு நொடிகளை எண்ணுவேன். வளைகுடாவில் பாதி வயதைக் கழித்துவிட்டு வந்த உனக்கு இப்படி ஒரு பைத்தியம். பென்ஷன் வாங்குகிற எனக்கு இப்படி ஒரு உத்தியோகம்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வண்டி விளக்கு நேராக லென்சில் அடித்தால் படம் வெளுத்துப்போகும். அதற்காக என் பழைய வருகைப் பதிவேட்டின் அட்டைக்குக் கறுப்பு மை பூசிக் கையில் கொடுத்திருந்தாய். வண்டி வந்தால் லென்சை மறைக்க வேண்டும், போனதும் விலக்க வேண்டும். “ஏலே வாத்தி, தூங்கிட்டியா? பஸ்ஸு வருதுலே, மூடு!” என்று நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னால், கண் திறந்த கேமரா முற்றத்தில் வைத்த அண்டா மாதிரி. தூறல் விழும்போது ஒன்றும் தெரியாது. விடிந்து பார்த்தால் நாலு விரல் தண்ணீர் நிற்கும். நின்ற இடத்தில் நிற்கிற விளக்கும் சுவரும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தில் நிறையும். நடந்துபோகிற ஆள் எந்த இடத்திலும் நிறைவதில்லை. பஸ் வந்தபோது நான் அட்டையால் மறைத்தேன். இறங்கியவர்கள் அந்த அட்டை மறைவில் இறங்கினார்கள், நடந்தே மறைந்துபோனார்கள். கடைசியில் படத்தில் ஓர் ஆள் இல்லை. “பாத்தியா மாப்ளே, நம்ம ஊரு துபாய் மாதிரி இருக்கு!” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அந்தப் படத்தைப் புதுக் கல்யாண மண்டபத்துக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டார். தன் காலண்டரில் போட்டார். நீ சந்தோஷமாகக் கொடுத்தாய். அதில் உன்மேல் தப்பு இல்லை.

இப்போது அவர் பஸ் நிறுத்தத்தையும் உயர விளக்கையும் தன் மண்டபத்து வாசலுக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார். மண்டபம் ஒன்றரை மைல் தள்ளி இருக்கிறது. பஞ்சாலை ஷிப்டு முடிந்து வருகிற பெண்களுக்கு ஊர்ப்பாதை பிரிவது விலக்கில். அங்கே இறங்கினால் பத்து நிமிடத்தில் வீடு. மண்டபத்தில் இறங்கினால், லாரி பறக்கிற ரோட்டோரமாக அந்த ஒன்றரை மைலும் இருட்டில் திரும்பி நடக்க வேண்டும்.

முத்துமாரி என்னிடம் வந்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், இப்போது அந்தப் பஞ்சாலையில்தான் வேலை. “சார், நாங்க பேசுனா எடுபடல. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க.”

போனேன். மனுவை விசாரிக்கிற அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பிறகு திரும்பிச் சுவரைக் காட்டினார். அங்கே நம் காலண்டர் தொங்கியது. “நீங்களே பாருங்க சார். ஈ காக்கா இல்ல. யாருக்காக அங்க பஸ்ஸு நிக்கணும்?”

மச்சான், அந்த நிமிடம் என் கை கூசியது. அந்தப் பெண்களை அந்த இடத்திலிருந்து துடைத்தது எது? என் கை. அதுவும் எதை வைத்து? வந்தவர் யார், வராதவர் யார் என்று ஆயுசு முழுக்க நான் எழுதிய பதிவேட்டின் அட்டையை வைத்து.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் உன் மனைவி ஜைத்தூன் பீரோவிலிருந்து கேமராவை எடுத்துக் கொடுத்தது. “கொண்டு போங்கண்ணே. அவுக இருந்தா இந்நேரம் அந்தக் காலண்டரக் கிழிச்சுருப்பாக.”

அன்று ராத்திரி விலக்கில் பதினோரு பெண்கள் இறங்கினார்கள். டிரைவர் தம்பியிடம் கெஞ்சி ஹெட்லைட்டை அணைக்கச் சொன்னேன். “முப்பது எண்ணுற வரைக்கும் யாரும் அசையக் கூடாது” என்றேன்.

“கொட்டாவி வந்தா, சார்?”

“வாயை மூடிக்கிட்டு விடு.”

“கொசு கடிச்சா?”

“அதுவும் ஷிப்டு முடிஞ்சு வந்துருக்கும், கடிச்சுட்டுப் போகட்டும்.”

கண்டக்டர் படியில் நின்று, “என்னம்மா, ஆடிக்கிட்டே ஏறுவீக, இப்பச் சாமி சிலையாட்டம் நிக்கிறீக!” என்றான். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து படம் கெட்டது. மறுபடி எடுத்தேன். பதினோரு பேரும் படத்தில் விழுந்தார்கள், தூக்குவாளி உட்பட.

அதைப் பெரிதாகப் பிரிண்டு போட்டு அதிகாரி மேஜையில் வைத்தேன். மண்டபத்துக்காரரும் அங்கே இருந்தார். “இது செட்டப்பு. நிக்க வச்சு எடுத்துருக்காக” என்றார்.

“ஆமா, நிக்க வச்சுத்தான் எடுத்தேன். பஸ் ஸ்டாப்புல சனம் நிக்காம படுத்தா கெடக்கும்?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வகுப்பில்கூட நான் அப்படிப் பேசியதில்லை. காலண்டர் படம் எப்படி வந்தது என்பதையும், அட்டை பிடித்தவன் நான்தான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி படத்தை அந்த மனுவோடு சேர்த்து வைத்தார். “விசாரிக்கிறோம்” என்றார்.

மூன்றாம் நாள் உயர விளக்கு அணைந்துவிட்டது. ரிப்பேர் என்கிறார்கள். யாருடைய வேலை என்று எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் நாங்கள் வீட்டோடு கிடப்போம் என்று யாராவது நினைத்திருந்தால், அவருக்கு உன் பாடம் தெரியாது. வெளிச்சம் குறைந்தால் கூடுதல் நேரம் திறந்து வை என்பாயே!

நேற்று அரை நிலா. மறுபடி நாலு நிமிடம். “வேலை முடிஞ்சு வாரீக, வேணும்னா உக்காந்துக்கங்க” என்றேன். முத்துமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “எட்டு மணி நேரம் மிஷினு முன்னாடி நிக்கோம் சார். எங்க எடத்துல நாலு நிமிஷம் நிக்க மாட்டமா?”

நின்றார்கள். நான் எண்ணவில்லை, பேர் வாசித்தேன். காலை அசைக்காமல் குரல் மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தேன். இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தது: “உள்ளேன் ஐயா.” “உள்ளேன் ஐயா.” பதினோரு பேரும் முடிந்த பிறகும் நேரம் மிச்சமிருந்தது. வாய் தானாக உன் பேரையும் வாசித்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. “உள்ளேன் ஐயா” என்றாள் முத்துமாரி. ஒருத்தருக்காக இன்னொருத்தர் குரல் கொடுத்தால் நான் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன், உனக்குத் தெரியும். நேற்று விட்டுவிட்டேன்.

உருவங்கள் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கின்றன. இருக்கட்டும். எண்ணிப் பார்த்தால் பதினொன்றும் சரியாக வருகிறது. காலையில் அந்தப் படத்தையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

விளக்கு எரியும்வரை, பஸ் அங்கேயே நிற்கும் என்று எழுத்தில் வரும்வரை, தினமும் ராத்திரி விலக்குக்குப் போவேன் மச்சான். தினமும் காலையில் அந்த மேஜைக்கு ஒரு படம் போகும். நிலா இல்லாத நாளில் எட்டு நிமிடம் திறந்து வைப்பேன். லாரி வந்தால் அட்டையைப் பிடிப்பேன். பஸ் வந்தால் மட்டும் இந்தக் கை எழும்பாது.

இப்படிக்கு,
உன் கூடப் பிறக்காத மாப்ளே,
விலக்கில் பேர் வாசிக்கிற வாத்தி