எண்ணெய்க் கறை இருக்கும் பக்கம்

ராயபுரம், திருப்பூர்
8 செப்டம்பர் 2025

பிரியமுள்ள அன்புசெல்விக்கு,

தரணி எழுதுகிறேன். இங்கே ஏதோ நலம். அங்கே நீ நலமாக இருக்க வேண்டும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யாராவது காகிதத்தில் எழுதுவார்களா என்று சிரிப்பாய். என்ன செய்ய, போனில் நீ என்னைத் தடுத்து வைத்துப் பதினோரு வருஷமாகிறது. மெயிலில் எழுதினால் உன் ஆபீசில் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் சாம்பிள் பார்சலில் சட்டைக்கு நடுவே மடித்து வைத்திருக்கிறேன்.

பிரான்சில் லியோன் என்ற ஊரில் ஓர் அருங்காட்சியகம், புரட்சியும் கலையும் என்று கண்காட்சி வைக்கிறது, அங்கே விற்க டி-சர்ட் வேண்டும் என்று மெயில் வந்தது. ஆயிரத்து இருநூறு பீஸ்தானே என்று முதலில் தள்ளி வைத்தேன். மூன்று யூனிட்டிடம் சாம்பிள் கேட்டிருப்பதாகவும் போட்டிருந்தது. கீழே 'தேர்வு செய்பவர்: அன்புசெல்வி' என்று பார்த்ததும் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். காலேஜ் பஸ்ஸில் பையை என் மடியில் போட்டுவிட்டு கோயம்புத்தூர்வரை நின்றுகொண்டே பேசி வரும் நம்ம அன்பு.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. தம்பி ரித்தீஷ் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான். அமெரிக்கா வரி போட்டதில் துணி வாங்கிக்கொண்டிருந்த ஒரே பையரும் ஆர்டரை நிறுத்திவிட்டான். எட்டுத் தையல் லைன் ஓடிய எங்கள் யூனிட்டில் இப்போது அரை லைன், ஒன்பது பெண்கள். உங்கள் ஆர்டர் சின்னதுதான், ஆனால் அதைக் காட்டித்தான் அங்கே வேறு பையர்களைப் பிடிக்க முடியும். கிடைக்காவிட்டால் தை மாதத்தோடு ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

சாம்பிளில் கொடி பிடித்த பெண் ஒருத்தியைப் போட்டிருக்கிறேன். புரட்சி என்றால் அதுதானே. பழையதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே அன்பு. அப்போது நமக்கு என்ன வயது, சொல்லு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன் தோழி,
தரணி


லியோன்
26 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய தரணி அவர்களுக்கு,

உங்கள் சாம்பிள் கிடைத்தது. துணி நன்றாக இருக்கிறது. தையலில் குறை இல்லை. படம் வேண்டாம். கொடி பிடித்த பெண்ணை இங்கே சாவிக்கொத்தில்கூட விற்கிறார்கள்.

கண்காட்சி என்னவென்று தெரிந்தால் உங்களுக்கு உதவும். புரட்சிக்கு முன்பு இந்த நாட்டில் ஓவியன் பிழைக்க வேண்டுமென்றால் ராஜாவையும் ராணியையும் அவர்கள் மடியில் இருக்கும் நாயையும் வரைய வேண்டும். ராஜாவின் தலை போனது. அரண்மனை அருங்காட்சியகம் ஆனது. ராஜா நடந்த கூடத்தில் இன்று டிக்கெட் வாங்கிய எவரும் நடக்கலாம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் உடைக்கிறவர்களும் துணி துவைக்கிறவளும் அறுத்த வயலில் கதிர் பொறுக்குகிற பெண்களும் அந்தச் சுவர்களில் ஏறினார்கள். சும்மா ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் தெருவில் ரத்தம் சிந்திய பிறகுதான் ஏறினார்கள்.

ஓர் இசையமைப்பாளரின் கதையும் வைத்திருக்கிறோம். புரட்சியின் பிள்ளை என்று தான் நம்பிய தளபதி ஒருவனுக்காகப் பெரிய இசை ஒன்றை எழுதி, முதல் தாளில் அவன் பெயரைப் போட்டார். அந்தத் தளபதி தானே பேரரசனாகிறான் என்று கேள்விப்பட்டதும், தாள் ஓட்டையாகும்வரை அந்தப் பெயரைச் சுரண்டினார். அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. அதன் புகைப்படம் என் மேசைக்கு எதிரே தொங்குகிறது. ஒரு பெயரை அப்படிச் சுரண்ட வைக்கும் ஆத்திரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதே லியோனில் 1831-இல் பட்டுத்தறிக்காரர்கள் கறுப்புக் கொடியோடு தெருவில் இறங்கினார்கள். 'உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்' என்பதுதான் அவர்கள் கோஷம். அவர்கள் கதையைச் சொல்லும் இடத்தில் விற்கிற சட்டையில், சட்டை தைக்கிறவர்களின் தாள் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தத் தாள் உங்கள் வீட்டில் இருக்கிறது. 2014-இல் உங்கள் யூனிட்டில் பதினோரு பெண்கள் கொடுத்த மனு. நாற்பது பேர் இருக்கும் லைனுக்கு, கழிப்பறை போக ஒரே ஒரு மர டோக்கன், அது கையில் இருந்தால்தான் போகலாம். அதை எடுங்கள் என்று கேட்டார்கள், வேறொன்றும் இல்லை. யார் முதலில் கையெழுத்துப் போட்டது என்று தெரியாமலிருக்க வட்டமாகப் போட்டார்கள். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் அப்படிச் செய்வார்கள் என்று வகுப்பில் கேட்டுவிட்டு வந்து, டிபன் கேரியர் மூடியை வைத்து வட்டம் வரைந்து கொடுத்தது நான்தான். அதை அப்படியே அச்சடித்து அனுப்புங்கள். பிறகு பேசலாம்.

நீங்கள் கேட்டதாக அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அன்புசெல்வி


ராயபுரம்
15 அக்டோபர் 2025

அன்பு,

'மதிப்பிற்குரிய', 'அவர்களுக்கு'. படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

தாள் அப்பா பீரோவில் இருந்தது. மத்தியானம் அவர் கண் அசந்தபோது எடுத்தேன். டிசைனரிடம் கொடுத்து, அழுக்கையெல்லாம் நீக்கி, கோணல் மாணலாக இருந்த கையெழுத்துகளை நேராக்கி, பார்க்க லட்சணமாக அச்சடித்து அனுப்பியிருக்கிறேன். கட்டிங் மாஸ்டர் மணியன் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, நம்ம மூஞ்சியில நாமளே கரி பூசிக்கற மாதிரியில்லீங்க இருக்குது. ஊருக்குள்ள தெரிஞ்சா சிரிப்பாங்கங்க" என்றார். நான் சட்டையை மடித்துப் பார்சலில் வைத்தேன்.

ஒன்று சொல்லட்டுமா. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ மொதல்ல போட்டான்னே தெரியமாட்டேங்குதே" என்றார். முந்தின நாள் பஸ்ஸில் நீ என்னிடம் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. 'எங்க அம்மாதான் மொதல்ல போட்டுச்சு, மெஷின் எண்ணெய்க் கையோட போட்டுச்சு' என்றாயே, அது. 'எண்ணெய்க் கறை இருக்கும் பக்கம்' என்று, தெரியாமல் வாயில் வந்துவிட்டது. அப்பா கூப்பிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வார்த்தைக்காகப் பதினோரு வருஷமா அன்பு? இவ்வளவு படித்தவள், மன்னிக்கக் கூடாதா?

தரணி


லியோன்
4 நவம்பர் 2025

தரணி,

'நீங்கள்' போதும். எனக்கும் சலித்துவிட்டது.

சாம்பிள் ரிஜெக்ட். கறையை எடுத்துவிட்டாய்.

அப்பா பேசித் தீர்த்துக்கொள்வார் என்று நினைத்தாயாம். என்ன பேசினார் என்று கேட்டாயா? மறுநாள் காலை எட்டரைக்கு அம்மா சாப்பாட்டுப் பையோடு கேட்டில் நின்றாள். மணியன் அண்ணன் வந்து, "மயிலாத்தாக்கா, உள்ள வேண்டாங்க. நீங்க போங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. மற்றப் பத்துப் பேரும் அம்மாவைத் தாண்டித் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன், எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அதற்கப்புறம் அம்மா வேலை கேட்டுப் போன கேட் எல்லாவற்றிலும் அவள் போட்டோ முன்னாலேயே போயிருந்தது. ஒரு வருஷம் திருப்பூரில் எவரும் சேர்க்கவில்லை. சோமனூருக்குத் தறிக்குடோனில் வேலைக்குப் போனாள். அந்தத் தறிச் சத்தத்தில் நாலே வருஷத்தில் இடது காது போய்விட்டது. இப்போது போனை வலது காதில் வைத்துக்கொண்டு, "சத்தமாச் சொல்லு சாமி" என்கிறாள். பெற்ற தாயிடம் நான் கத்திப் பேசுகிறேன் தரணி. பக்கத்து மேசைக்காரர்கள் நான் சண்டை போடுவதாக நினைக்கிறார்கள்.

உன் வீட்டில் காபி குடித்தால் என் டம்ளரை நானே வெளிக்குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவேன். அதையும் நட்பு என்றுதான் நினைத்தேன். அந்த நட்பை நம்பித்தான் அம்மா பெயரைச் சொன்னேன். அந்தத் தப்பு என்னுடையது. அதற்கு என்னையே நான் இன்னும் மன்னிக்கவில்லை, உன்னை எங்கே மன்னிப்பது.

மூன்றாவது சாம்பிள் அனுப்பு. கறை அதே இடத்தில், அதே பழுப்பில் இருக்க வேண்டும். கையெழுத்துகள் கோணலாகவே இருக்கட்டும். சட்டையில் தொங்கும் அட்டையில் நடந்ததை நீயே எழுது. உன் கையெழுத்தில், உன் பெயரோடு. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தப் பக்கம் என்று சொன்னது. கீழே நான் பிரெஞ்சில் போட்டுக்கொள்கிறேன்.

சரியாக வந்தால், இதைப் பார்த்துத்தான் மொத்தமும் தைக்க வேண்டும் என்று சாம்பிளுக்குச் சீல் வைப்பேன். சீல் வைத்ததற்கப்புறம் ஒரு நூலைக்கூட மாற்ற முடியாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்புசெல்வி


ராயபுரம்
28 நவம்பர் 2025

அன்பு,

எழுதிவிட்டேன். ஆறு அட்டையைக் கிழித்துப் போட்டேன். ஆறிலும் 'தெரியாமல்' என்ற சொல் எப்படியாவது வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழாவதில்தான் அதை விட்டேன். தெரிந்துதான் சொன்னேன். அப்பா கம்பெனி விஷயமென்றால் ரித்தீஷிடம் மட்டும்தான் பேசுவார். நான் பரிமாறிக்கொண்டு நிற்பேன். அன்றுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்து, "அட, எம்புள்ளைக்கு விசயம் தெரிஞ்சிருக்குதே" என்றார். அதற்காகத்தான் சொன்னேன். அட்டையில் அதையும் எழுதியிருக்கிறேன்.

கறைக்காக மூன்று நாள் பிரிண்டிங்கில் நின்றேன். பழுப்பு சரியாக வரவில்லை. கடைசியில் மெஷின் எண்ணெயையே வெள்ளைத் துணியில் சொட்டுவிட்டுப் பக்கத்தில் வைத்துக் கலர் சேர்த்தோம். அப்பாவிடம் சட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இடது கை விரலைக் கறையின் மேல் வைத்தார். என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

லைனில் அந்த மர டோக்கன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேருக்கும் அதே ஒரு டோக்கன். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், கண்ணில் பட்டதே இல்லை. கழற்றிவிட்டேன்.

ஆர்டர் வந்துவிடும் என்று பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். காலில் விழுந்து கேட்கிறேன், கை விட்டுவிடாதே.

தரணி


லியோன்
17 டிசம்பர் 2025

அன்புள்ள தரணி,

'அன்புள்ள' என்று பழக்கத்தில் வந்துவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.

சாம்பிள் அருமை. கறையை விரலால் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுக்கும் என்றே நினைத்தேன். அட்டையை மொழிபெயர்த்துக் கொடுத்தபோது என் மேலதிகாரி அம்மாள் அழுதுவிட்டார். நான் அழவில்லை. சீல் வைத்துவிட்டேன்.

ஆர்டர் உனக்கு இல்லை.

என் கடிதங்களை எடுத்துப் பார். சீல் வைப்பேன் என்றுதான் எழுதினேன், ஆர்டர் தருவேன் என்று எங்கேயும் எழுதவில்லை. மூன்று யூனிட்டிடம் சாம்பிள் கேட்டோமே, அதில் ஒன்று குன்னத்தூரில் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு மெஷின் போட்டிருக்கிறது. அம்மாவும் குப்பாயி அக்காவும் செல்லத்தாய் அக்காவும் மூன்று வருஷமாக நடத்துகிறார்கள். அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஏழு பேர் இப்போது அங்கேதான் தைக்கிறார்கள். அவர்களிடம் தாள் இல்லை, கறை இல்லை, நீ எழுதிய அட்டை இல்லை. இப்போது எல்லாம் இருக்கிறது. உன் சாம்பிளை நேற்றே அங்கே அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்துத்தான் ஆயிரத்து இருநூறும் தைப்பார்கள். சட்டையில் பெயர் போடலாமா என்று மற்ற நாலு பேரையும் அம்மாவே வீடு தேடிப் போய்க் கேட்டுவிட்டாள்.

திட்டம் போட்டுத்தான் செய்தேன். உன் முதல் கடிதத்தில் 'அப்போது நமக்கு என்ன வயது' என்று படித்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பாவம் அந்த அம்மிணி, உட்டுரு சாமி" என்றாள். இந்த ஒரு தடவை அவள் பேச்சைக் கேட்கவில்லை. இந்த நாட்டில் ராஜாவின் தலையை எடுத்தவர்கள் அப்புறம் யார் யார் தலையை எடுத்தார்கள் என்று அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் நானே சொல்கிறேன். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நானும் உன்னைப் போலத் தெரிந்துதான் செய்தேன்.

உன் பெயரைச் சுரண்ட மாட்டேன். ஆயிரத்து இருநூறு அட்டையிலும் அது இருக்கும்.

உன் லைனில் இருக்கும் ஒன்பது பெண்களையும் அம்மா சேர்த்துக்கொள்கிறாள். அவர்களிடம் சொல்லிவிடு. செக்கிங்குக்கும் ஓர் ஆள் வேண்டுமாம். நீ போவதானால் தை பிறந்ததும் குன்னத்தூர் பஸ்ஸைப் பிடி. காலை எட்டரைக்குத் தகரக் கதவுக்கு வெளியே நில். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போ. உள்ளே விடுவதா வேண்டாமா என்று அம்மா வந்து சொல்வாள். அவளுக்கு இடது பக்கம் நின்று பேசாதே, கேட்காது.

அன்புசெல்வி