சும்மா இருக்கும்போது அளந்து பார்

2007 பிப்ரவரி 18, ஞாயிறு, காலை பதினொன்றரை. மேசையில் பெட்டி இரண்டு. உன்னுடையதில் பச்சை விளக்கு மினுக்குகிறது. என்னுடையது அணைந்து கிடக்கிறது. ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிப் போட்ட பேட்டரிகள். நீ செத்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இன்னமும் என்னை ஜெயிக்கிறாய். எரிச்சலாக வருகிறது.

வேடசந்தூர் நூல்மில் தூண்களில் தொங்கவிட்டு ஈரப்பதம் பார்க்கத்தான் இவற்றைச் செய்தோம். காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நீ சிப்புக்கு நேராகவே புரோகிராம் எழுதினாய். நான் நடுவில் ஒரு வர்ச்சுவல் மெஷினை வைத்தேன். சாஃப்ட்வேரால் ஆன மெஷின், என் கட்டளைகளைச் சிப்புக்குப் பெயர்த்துச் சொல்லும். எதையாவது மாற்றணுமென்றால் என்னுடையதில் ஒரு வயரைச் சொருகினால் போதும். உன்னுடையதில் சிப்பையே கழற்ற வேண்டும்.

"பெயர்த்துச் சொல்றதுக்குக் கொஞ்சம்தான் கரண்ட் ஆகுது, அளந்துட்டேன்" என்றேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் மாடி அறை. சால்டரிங் புகையை ஊதிவிட்டுச் சிரித்தாய்.

"ஏலே, ஓடும்போது அளந்தா ஆச்சா? சும்மா இருக்கும்போது எம்புட்டு குடிக்குதுன்னு பாரு மாப்ள."

"சும்மா இருக்கறது எதுக்குலே குடிக்கும்?"

"ஒன் மெஷினு வேலை இல்லாட்டியும் 'வேலை இருக்கா, வேலை இருக்கா'ன்னு நச்சரிக்கும். சிப்பைத் தூங்க விடாது."

நேற்று மாலை வேறு பேட்டரி கோத்து அளந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் விழித்தால் போதும். என்னுடையது கண்ணை மூடவே இல்லை. நீ ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

மில் மேனேஜர் நேற்றுக் காலை இரண்டையும் கையில் கொடுத்தார். "எல்லாத் தூணுக்கும் ஒரே பெட்டியா வேணும் தம்பி. அவரு பெட்டியவே மாட்டிருவோமா? ஆனா பஞ்சு மாறும்போதெல்லாம் பெட்டியில ஈரப்பத அளவை மாத்தணுமே." நாளை பதில் சொல்ல வேண்டும். என்னுடையதைச் சொன்னால் அந்த மில்லில் உன் சுவடே இருக்காது. அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது.

இனி செய்யப்போவது:

1. வேலை இல்லாத நேரம் சிப்பைத் தூங்கவைக்கும் பகுதியை மட்டும் வர்ச்சுவல் மெஷினுக்கு வெளியே, நேராக எழுதுவேன். உன் முறைதான்.

2. சும்மா இருக்கும்போது அளப்பேன். உன்னுடையதை முந்தாது, தெரியும். பேட்டரி ஒரு வருஷம் தாங்குமென்று வந்தால் மில்லுக்கு என் பெட்டி. தூங்கவைக்கும் பகுதி உன்னுடையது என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவேன்.

3. தாங்காது என்றால், ஏணி போட்டு ஏறி எல்லாத் தூணிலும் உன் பெட்டியை நானே மாட்டுவேன். வயிறு எரிய எரிய மாட்டுவேன்.