கை காட்டிய ஜன்னல்

2024 பெப்ரவரி 12

காலையிலிருந்து மழை. கவுண்டருக்கு மேலே கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். போன மாதம் வரைக்கும் இப்படி ஒழுகினால் சோலைமலை அண்ணனுக்கு ஆள் அனுப்புவேன். பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், சொன்னதும் தகரமும் ஏணியுமாக வந்து நிற்பார். இப்போது அது நடக்காது. எங்கள் ஊசிமலைத் தபால் கந்தோர் மரபுரிமைக் கட்டடமாம், அரசாங்க வர்த்தமானியில் போட்டுவிட்டார்கள். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். ஒழுகுவதும் மரபுரிமையில் சேர்த்தியா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்னவோ.

ஓகஸ்டில் எனக்கு அறுபது. அதுவரைக்கும் இந்த ஜோசப்பின்தான் இங்கே தபால் அதிபர். பிறகு கட்டடமாச்சு, அவர்களாச்சு.

பெப்ரவரி 19

எழுதிவிட்டேனே தவிர, இதை விட்டுப் போக மனசில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டு கட்டியது. கருங்கல் அடித்தளம், அதன்மேல் செங்கல், கூரை முகப்பில் லேஸ் பின்னியது போல மரவேலை. உள்ளே தேக்குக் கவுண்டர், பித்தளைக் கம்பி. நெருப்பு மூட்டிக் குளிர்காய ஒரு கணப்பு அடுப்புகூட உண்டு, அதில் இப்போது பழைய சாக்குகள் கிடக்கின்றன. முன்னால் அகலமான கற்படிகள். பின்னாலுள்ள குவாட்டர்ஸிலிருந்து பின்கதவு வழியாகவே வந்து போகிறவள் நான், அந்தப் படிகளைக் கூட்டச் சொல்வதோடு சரி. படிக்கு இடது பக்கம், ரோட்டில் நின்றபடியே எட்டுகிற உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், மேலே தகரத் தாழ்வாரம்.

என் உயிர் அந்த ஜன்னலில்தான். எங்கள் அப்பா அருளப்பன் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு ஏது விலாசம்? தோட்டத்துக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு தோல் பையில் போட்டு அந்த ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள். அப்பா சுமந்துபோய், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னையும் கூட்டி வந்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். தராசு தெரியும், உருக்கிய அரக்கு மணக்கும், முத்திரை குத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். “இது நம்ம ஜன்னல் பாப்பா. மழைக்கு ஒதுங்கணும்னு நமக்காகவே வச்சிருக்காங்க” என்பார். அதற்குள்ளே போய் உட்கார வேண்டும் என்றுதான் நான் படித்தேன்.

எங்கள் தோட்டத்துக் காளியாயி பெரியம்மா இன்றைக்கும் அங்கேதான் வந்து தட்டுகிறது. எண்பது வயது, முதியோர் கொடுப்பனவு வாங்க வரும். “முன்னால வாங்க பெரியம்மா, நாற்காலி இருக்கு” என்றேன்.

“படி ஏறி முழங்காலு போச்சுன்னா நீயா தைலம் தேய்ப்ப? இங்கனயே குடு.”

மைப்பெட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பெருவிரல் அடையாளம் வாங்கினேன். என்ன செய்ய, சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

மார்ச் 2

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை திணைக்களத்திலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று சோலைமலை அண்ணனிடம் சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்காக ஹட்டனுக்குப் போனேன். திரும்பி வந்தால் பஜாரே திரண்டு கூலியில்லாமல் சிரமதானம். கோயில் திருவிழாவுக்குச் செய்வது போல சுவரைச் சுரண்டி, வலது பக்கம் முழுவதும் இளநீலப் பெயின்ட். தூண்கள் பச்சை.

“எப்புடி மிஸ்? கல்யாண வீடு மாதிரி இல்ல?” அண்ணனின் மீசையிலும் நீலம்.

“பழைய கட்டடத்துக்குப் பெயின்ட் அடிச்சா குத்தம்ணே” என்றேன். முகம் விழுந்துவிட்டது. “வர்றவங்க முன்னால நம்ம கந்தோரு அசிங்கமா நிக்கக் கூடாதேன்னுதான்” என்றார். அதற்குமேல் எப்படித் திட்டுவது?

படிக்கு இடது பக்கச் சுவரைச் சுரண்டியதோடு நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று கிட்டப் போனதும் தெரிந்தது. சுண்ணாம்புக்கு அடியில் கறுப்பு எழுத்து. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ்.

தோட்டத்து ஆட்கள் படியேறக் கூடாது. பக்க ஜன்னலில் நிற்கவும்.

அதற்குக் கீழே ஒரு கை வரைந்திருந்தது. கோட் போட்ட கை, நீட்டிய விரல். விரல் என் ஜன்னலைக் காட்டியது.

மார்ச் 3

ஞாயிறு பூசைக்குப் போனேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது.

நான் பிறக்கும் முன்பே எழுத்தின்மேல் சுண்ணாம்பு பூசியிருக்க வேண்டும், நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் சின்ன வயதில் அது வெளியேதான் இருந்திருக்கும். பேர் வாசித்துக் கடிதம் கொடுத்த மனுசனுக்கு இதை வாசிக்கத் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டேதான் என்னத் தூக்கிப் புடிச்சீங்களாப்பா? நமக்காகவே வச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே — ஏம்ப்பா?

மார்ச் 5

திணைக்களத்திலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண், திலினி மிஸ். நீலச் சுவரைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள். நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, கழுவி எடுக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. எழுத்துக்கு முன்னால் மட்டும் வெகுநேரம் குந்தியிருந்தாள்.

அதைக் கண்ணாடி போட்டுக் காப்பாற்ற வேண்டுமாம். பக்க ஜன்னலையும் கண்ணாடியால் மூடிவிடுவார்களாம். ஊருக்கு மனக்கஷ்டம் என்றால் எழுத்துக்குத் திரும்பவும் சுண்ணாம்பு பூசலாம், அடியில் கெடாமல் இருக்கும். “கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள் மிஸ்” என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 8

“பூசிருவோம் மிஸ்” என்கிறார் சோலைமலை அண்ணன். “எம் பேரப்புள்ளைங்க இதப் படிச்சிட்டா படி ஏறணும்? டூரிஸ்ட்டு வந்து முன்னால நின்னு படம் புடிக்கணுமா?”

நியாயம்தான். பூசிவிட்டால் எனக்கும் நிம்மதி. அப்பாவின் ஜன்னல் பழையபடி எனக்குக் கிடைத்துவிடும். பூசச் சொல்ல அது ஒரு காரணமா, ஜோசப்பின்?

மார்ச் 11

காளியாயி பெரியம்மா வந்தது. “செவுத்துல என்னமோ எழுதியிருக்காமே, என்னாது?”

“கந்தோரு தொறக்குற நேரம் பெரியம்மா” என்றேன். நான் அப்பாவின் மகள்தானே, வாயில் தயாராக வந்துவிட்டது.

பெரியம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தது. பிறகு திரும்பி வந்தது.

“நேரத்தச் சொல்றதுக்கு எதுக்குடி கை?”

நான் மைப்பெட்டியை மூடினேன்.

“எழுத்துதான் எனக்குத் தெரியாது. கையுமா தெரியாது? சின்னப்புள்ளயில எங்காத்தாகூட வந்தப்ப ரெண்டு படி ஏறிப்புட்டேன். ஆத்தா தலமுடியப் புடிச்சு இழுத்துச்சு. எறங்குடி, அந்தக் கையப் பாருடின்னுச்சு.”

“அப்ப இத்தன வருசமும் தெரிஞ்சுக்கிட்டேவா இங்க வந்து நின்னீங்க?”

“மழைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதுவும் நெசந்தான?”

பூசிவிடலாமா என்று கேட்டேன். வெற்றிலையை ஓரமாகத் துப்பியது.

“பூசிப்புட்டா, எங்காத்தா எதுக்கு என்னைய இழுத்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? கிறுக்கச்சின்னுல்ல நெனப்பாங்க. இருக்கட்டும் விடு. சன்னல மட்டும் சாத்திப்புடாதீங்க. முழங்காலு கேக்காது.”

அதுவும் நெசந்தான். அப்பாவும் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது. பிள்ளை தாங்கக்கூடிய பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். எழுதும்போதே அழுகை வருகிறது. அழுதுவிட்டுப் போகிறேன்.

மார்ச் 12

திலினி மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். எழுத்து இருக்கட்டும், ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டாம். சோலைமலை அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

ஜூலை 24

நீலமும் பச்சையும் போய்விட்டன. கூரையும் மாற்றியாகிவிட்டது. வாளியை எடுத்து உள்ளே வைத்தேன்.

ஓகஸ்ட் 16

கடைசி நாள். கடைசி முத்திரையையும் நானே குத்தினேன், அழவில்லை. கண்டியிலிருந்து புது அதிபராக வந்திருக்கும் ஜூட்சனிடம் சாவியைக் கொடுத்தேன். பக்க ஜன்னலில் யாராவது தட்டினால் முன்னால் வரச் சொல்லாதே, எழுந்துபோய்க் கொடு என்றேன். சோலைமலை அண்ணன் மாலையோடு வந்தார். கோபம் தீர்ந்துவிட்டது. அவர் கடை மாடி அறைதான் இனி எனக்கு.

ஓகஸ்ட் 20

கொழும்பிலிருக்கும் மகள் ஷெரோமிக்கு ஒரு பார்சல். கால் பழக்கத்தில் குவாட்டர்ஸ் கதவுக்குப் போய்விட்டது. பூட்டு மாட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கை. பார்த்தவள், என்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

தாழ்வாரத்தில் காளியாயி பெரியம்மா நின்றுகொண்டிருந்தது.

“இங்க எங்க வர்ற? உனக்கு முழங்காலு நல்லாத்தான இருக்கு? படியில ஏறிப் போ. அந்தக் கை சொன்னதக் கேட்ட கடைசி ஆளு நானா இருந்துட்டுப் போறேன்.”

பார்சலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினேன். இத்தனை வருசத்தில் அந்தப் படிகளில் ஏறி உள்ளே போவது இதுதான் முதல் தடவை. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். வரிசையில் நின்றேன்.