முயல்தீவுக்குப் பெண்பிள்ளைகளும் வருவார்கள்

ஆசிரியர் அறை அலமாரியைத் திறந்ததும் கடல் வாடை அடித்தது. சங்கரன்கோவிலில் ஏது கடல்? உன் தட்டின் மூலையில், தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பு கிடந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் யாரும் அதைத் தொடவில்லை. இன்று தலைமையாசிரியர் தட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். எனக்கு அப்படியொரு கோபம். தட்டுக்காக இல்லை, அதற்கு முன் அவர் சொன்னதற்காக.

ஒன்பதாம் வகுப்பைத் தூத்துக்குடி முயல்தீவுக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டிருந்தேன். 'ஆண் பிள்ளைகள் மட்டும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"பொம்பளப் பிள்ளைகளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதெல்லாம் அந்த டீச்சரோட போச்சு" என்றார்.

உன்னோடு போய்விட்டதாம். கேட்டியாட்டி?

நாம் முதல் தடவை போனதை மறப்பேனா? நீ விலங்கியல், நான் வரலாறு. நாள் குறித்த இரண்டு பட்டதாரிகளுக்கும் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய மூன்றாம் நாள்! ஊரே மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கும்போது நாம் மீன் பிடிக்கக் கூப்பிட்டோம். பையன்கள் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள். பெண்பிள்ளைகள் வீட்டில் அதையே சாக்காக்கி மறுத்துவிட்டார்கள். தேதியை மாற்றலாம் என்று நான் பின்வாங்கினேன்.

"மாத்தினா வேற சாக்கு வரும்ட்டி" என்றாய்.

தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீடு வீடாகப் பேசினாய். கொடி ஏறியிருக்கையில் மகள் மீனைத் தொடலாமா என்று நம் வகுப்புக் கோமதியின் அப்பா கேட்டார்.

"தொடட்டும் அண்ணாச்சி, திங்கத்தான கூடாது? புடிப்போம், பாப்போம், கடல்லயே விட்டுருவோம்."

அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

தீவில் ஆடிக் காற்று மணலை முகத்தில் அள்ளி வீசியது. நரம்பெல்லாம் சிக்கிக்கொண்டது. பையன்கள் இழுத்து இழுத்து இன்னும் இறுக்கினார்கள். கோமதி சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாவு நூலைச் சிக்கெடுக்கிற கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். முதல் மீனும் அவளுக்குத்தான். முள் குத்தாமல் கெளுத்தியைப் பிடிக்க நீ காட்டிக் கொடுத்தாய். வாளித் தண்ணீரில் அதன் செவுள் அசைவதை எல்லோரும் பார்த்த பிறகு, அவளே கடலில் விட்டாள். அப்புறம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் நண்டு வளைகளை எண்ணினோம். செத்த சங்குக்குள் குடியேறிய நண்டு ஒன்று என் உள்ளங்கையில் நடந்தது. நான் அலறியதைச் சொல்லிச் சொல்லி வருடக் கணக்காகச் சிரித்தாயே, பாவி.

அந்தக் கோமதியின் மகள்தான் இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். பெற்றோர் சம்மதக் கடிதத்தை முதலில் கொண்டுவந்தவளும் அவளே. அவளிடம் போய் உனக்கு இடமில்லை என்று நான் சொல்ல வேண்டுமாம். சொல்ல முடியாது.

"போனா எல்லாரும் போவோம், இல்லன்னா யாரும் போகல சார்" என்றேன்.

ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். நீ இருந்தவரை பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் உன் கையெழுத்துதான் இருக்கும், நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். இன்று புதுத் தாளில் பெண்பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நாளைக் காலை கோமதியும் மற்ற அம்மாமார்களும் வருகிறார்கள். அவர்களோடு அவர் அறை வாசலில் நிற்கப் போகிறேன். உன்னைப் போல எனக்குப் பேச வராது. ஆனால் அவர் கையெழுத்துப் போடாமல் அங்கிருந்து நகர மாட்டேன்.